ஜெனிகிட்ட நானே கேக்கணும்

போன கார்த்திகையில ஒரு காலையில என் பொண்டாட்டி ஜெனி சட்னி அரைக்கப் போனா. மிக்சியப் பிடிச்சபடியே அப்படியே சரிஞ்சிட்டா. ஸ்ட்ரோக். திருநெல்வேலிக்குத் தூக்கிட்டு ஓடி, உசிரு பொழைச்சு, பொங்கலுக்கு முன்னால வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்.

வலது காலு கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்துச்சு. வலது கை பாதிதான் வந்துச்சு. பேச்சு வரவே இல்ல. தமிழ் சுத்தமாப் போயிட்டு. எதக் கேட்டாலும் தலையாட்டுவா. காப்பி வேணுமான்னா ஆட்டுவா, வேண்டாமான்னாலும் ஆட்டுவா. ஒருநாள் சோதிச்சுப் பாப்போம்னு "ஒன் பேரு முத்துசெல்வியா?"ன்னு கேட்டேன். அதுக்கும் ஆமான்னு ஆட்டுனா. நான் கொல்லப்பக்கம் போயி கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் உள்ள வந்தேன்.

எங்களப் பத்தி ரெண்டு வரி சொல்லிருதேன். நான் மிக்கேல். வீடு மேலகரம், தென்காசியில மோட்டாருக்கு காயில் கட்டுத கடை வச்சிருக்கேன். ஜெனிக்கு ஊரு சுரண்டை. அவ முன்னால மடத்துல இருந்தவ. ஸ்பெயின் நாட்டுக்காரங்க தொடங்குன கன்னியர் மடம். சின்ன வயசுலயே சேந்து, அந்த நாட்டுக்கே போயி பல வருசம் இருந்துட்டு, கடைசி வார்த்தைப்பாடு குடுக்கதுக்கு முன்னால வெளிய வந்துட்டா. ஏன் வந்தான்னு எனக்குத் தெரியாது. பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே அவ அப்பா, "பழசக் கேக்காதீங்க மாப்ள"ன்னாரு. நான் கேக்கல. பிள்ளைங்க இல்ல எங்களுக்கு. நாங்க ரெண்டு பேருந்தான், ஒரு சண்டை சத்தம் இல்லாம ஓடிட்டு இருந்துச்சு. அந்த நாட்டு பாஷையில ஒரு வார்த்தை அவ வாயில இருந்து நான் கேட்டதே கிடையாது.

வீரகேரளம்புதூர்ல இருந்து எங்க அக்கா ஞானபாக்கியம் ஒத்தாசைக்கு வந்திருந்தா. அக்கா ஜெபக்கூட்டத்துக்குப் போறவ. தை மாசம் ஒருநாள் நான் பல்லு விளக்கிட்டு நிக்கேன், உள்ள இருந்து ஒரே சத்தம்.

"ஏலே மிக்கேலு! ஓடியாலே! ஜெனிக்கு பாஷை எறங்கிட்டுலே!"

ஓடிப் போயிப் பாத்தா, ஜெனி கட்டில்ல உக்காந்து சுவரப் பாத்துட்டு, பாட்டு மாதிரி, ஜெபமாலை சொல்லுத மாதிரி, ஏத்தி எறக்கிச் சொல்லுதா. பீவோ, பீவேஸ், பீவே, பீவிமோஸ்... அது முடிஞ்சதும் வேற ஒண்ணு, அதே ராகத்துல. அக்கா முழங்கால்ல விழுந்துட்டா. எனக்கும் உடம்பெல்லாம் புல்லரிச்சுட்டு. இத்தன நாள் சத்தமே இல்லாத தொண்டையில இருந்து குரலு வருதுலா. அது என்னதுன்னெல்லாம் அப்பம் யோசிக்கத் தோணல.

எங்க பக்கத்துல ஜெபக்கூட்டத்துல ஆவி எறங்குனா அந்நியபாஷை பேசுவாங்க. பேசுதவங்களுக்கே அர்த்தம் தெரியாது. அதுக்கு வியாக்கியானம் சொல்லன்னு ஒருத்தருக்கு வரம் இருக்கும். அன்னைக்குச் சாயங்காலமே ஒரு கூட்டம் வந்துட்டு. வீடு கொள்ளல. ஜெனி சொல்லச் சொல்ல ஒரு அம்மா கண்ண மூடிட்டு வியாக்கியானம் சொன்னா. "என் மகளே, பயப்படாதே, இந்த வீட்டுல பெரிய காரியம் செய்வேன்னு ஆண்டவர் சொல்லுதாரு." மறுநாளும் வந்தாங்க. அன்னைக்கு, "கடல் கடந்து போய் எனக்கு ஊழியம் செய்"னு வந்துச்சு. பொம்பளைங்க ஜெனி கைய எடுத்து அவங்க தலையில வச்சுக்கிட்டு அழுதாங்க.

அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். கண்ணீரு நெசமாத்தான் வந்துச்சு. ஆனா எனக்கு ஒண்ணு உறுத்திட்டே இருந்துச்சு. ஜெனி இன்னைக்குச் சொன்னது நேத்து சொன்னதேதான். வியாக்கியானந்தான் வேற.

இன்னொண்ணும் பாத்தேன். ஆளு கூடுனதும் அவ கண்ணு அரண்டு போயிருது. வாய மூடிக்கிடுதா. அப்பம் எல்லாரும் அவ வாயவே பாத்துட்டு இருக்காங்க, எப்பம் தொறப்பான்னு.

என் கடைக்குப் பக்கத்துல யாக்கூப் செல்போன் கடை வச்சிருக்காரு. ஜெனி சொன்னத ரெக்கார்டு பண்ணிட்டுப் போயி, "பாய், இது எந்த ஊரு பாஷைன்னு கண்டுபிடிக்க முடியுமா"ன்னேன். அவரு என்னத்தையோ அமுக்கி, அந்தச் சத்தத்த இன்னொரு போனுல கேக்க வச்சாரு. தமிழ்ல எழுத்து வந்துச்சு. நான் வாழ்கிறேன். நீ வாழ்கிறாய். அவன் வாழ்கிறான். நாம் வாழ்கிறோம். அப்படியே போவுது. பெறவு, நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய்.

யாக்கூப் சிரிச்சுட்டாரு. "அண்ணாச்சி, அண்ணி பள்ளிக்கூடப் பாடம்லா ஒப்பிக்காவ! இது ஸ்பானிஷ்."

எனக்குச் சிரிப்பு வரல. ஸ்டூல்ல உக்காந்துட்டேன். அவரு என் மூஞ்சியப் பாத்துட்டு, "டீ சொல்லட்டுமா"ன்னு மெதுவாக் கேட்டாரு. மடத்துல சேந்த புதுசுல, பாவாடை சட்டை போட்ட ஒரு சுரண்டைப் பிள்ளை ராத்திரியும் பகலும் உருப்போட்ட பாடம். அதுதான் அடியில கெடந்து மொதல்ல மேல வந்திருக்கு. என்கூட பேசுன பேச்சு அத்தனையும் எங்கேயோ கெடக்கு.

அக்காகிட்ட சொன்னேன். அவளுக்குக் கோவம் வந்துட்டு.

"பைபிள்ல பேதுருக்கு வந்தா பாஷை, ஒம் பொண்டாட்டிக்கு வந்தா மட்டும் பாடமாலே?"

"அக்கா, இது ஒரு நாட்டுல இருக்கவங்க கடையில போயி தக்காளி வாங்குத பாஷை."

"ஆண்டவருக்குத் தக்காளி பாஷை தெரியாதோ?"

நான் கூட்டத்த நிறுத்திட்டேன். அக்கா மூணு நாளு என்கூடப் பேசல, சோறு மட்டும் வச்சா.

திருநெல்வேலியில பேச்சுப் பயிற்சி குடுக்குத டாக்டரம்மா, "சிலபேருக்குத் தாய்மொழிக்கு முன்னால ரெண்டாவது மொழி வரும். எந்தக் கயிறு கையில கெடைக்கோ அதப் பிடிச்சு இழுங்க, விட்டுறாதீங்க"ன்னாங்க. சரின்னுட்டு நானும் படிக்கத் தொடங்குனேன். அம்பத்திரண்டு வயசுல. பத்தாப்புல இங்கிலீஷ்ல தவறுனவன் நான். காயில் சுத்திக்கிட்டே ஸ்பானிஷ் பாடத்தப் போனுல போட்டு காதுல மாட்டிக்கிடுவேன். கடைக்கு வாரவன் மோட்டாரக் காட்டி என்னமோ கேப்பான், நான் "பீவோ"ம்பேன். "அண்ணாச்சிக்கு ஷாக் அடிச்சிட்டு"ன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு.

காலையில ஜெனிய வண்டியில ஐந்தருவி ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். நடக்க வைக்கணும்லா. அப்பம் சீசன் இல்ல. அருவியில பாறைதான் தெரியும், கடையெல்லாம் தார்பாய் போட்டு மூடிக் கெடக்கும், கொரங்குங்க மட்டும் பசியில நம்மளயே பாத்துட்டு இருக்கும். அவ இடது கைய நான் பிடிச்சுக்கிடுவேன். நான் பீவோன்னா அவ பீவேஸ். ஒரு சொல்லுக்கு ஒரு எட்டு. நான் தப்பாச் சொல்லிட்டா அவ காலு நின்னுரும். திருத்திச் சொல்லுத வரைக்கும் நகர மாட்டா. அந்த வழியா வந்த மருந்துக் கடைக்காரன் ஒருத்தன் அதப் பாத்துட்டு, "டீச்சர் ரொம்ப கண்டிப்போ?"ன்னான். ஜெனி அவனப் பாத்து லேசா ஒதட்டச் சுழிச்சா. பழைய சுழிப்பு.

அந்த ஒரே வினைய எத்தன விதமா முறுக்குதாங்க தெரியுமா. நாம "இருந்தேன்"னு ஒண்ணச் சொல்லிட்டுப் போயிருவோம். அவங்க ஒருக்க நடந்து முடிஞ்சு போனதுக்கு ஒரு மாதிரி சொல்லுதாங்க, பிவீ. நெடுக இருந்துக்கிட்டே இருந்த காலத்துக்கு வேற மாதிரி, பிவீயா. இந்தப் பிவீயாவச் சொல்லும்போது ஜெனி குரலு தாழ்ந்துரும். எனக்கு மனசுக்குள்ள ஓடும். மடத்துல இருந்த வருசங்கள இவ எதுல சொல்லுவா? முடிஞ்சு போனதுலயா, இருந்துக்கிட்டே இருந்ததுலயா? என்கூட இருந்தத எதுல சொல்லுவா? கேக்க எனக்கு அம்புட்டு பாஷை இல்ல.

வரப்போறதுக்கு ஒண்ணு, "அப்படி இருந்தா இப்படி இருப்பேன்"ங்கதுக்கு ஒண்ணு. அதுக்கும் மேல ஒரு வகை இருக்கு, எனக்கு ரொம்ப நாளாப் புரியல. நடந்தது கிடையாது, நடக்கப் போறதுன்னும் சொல்ல முடியாது. நடக்கணும்னு ஆசைப்படுதது, நடக்குமோ நடக்காதோன்னு பயப்படுதது, அதுக்குன்னே வினைய மாத்துதாங்க. பீவா, பீவாஸ், பீவா. பெறவு பூசையில சாமியார் "சமாதானம் உண்டாவதாக"ன்னு சொல்லும்போதுதான் அட, இதுதானேன்னு தோணுச்சு. நாம கோயில்ல மட்டும் வச்சிருக்கத அவங்க வீட்டுல தெனமும் வச்சிருக்காங்க.

மாசி, பங்குனி போச்சு. பாடத்துக்கு நடுவுல தனிச் சொல்லு ஒண்ணு ரெண்டு விழ ஆரம்பிச்சுச்சு. ஆக்வான்னா தண்ணி. ஃப்ரீயோன்னா குளிருது. அவ்வளவுதான். அதையும் நான் கேட்டாத்தான் சொல்லுவா.

ஈஸ்டர் கழிஞ்சு ஜெனி தம்பி சாம் வந்தான். சுரண்டையில உரக்கடை வச்சிருக்கான். தனியா வரல, ஒரு சிஸ்டரக் கூட்டிட்டு வந்திருந்தான். சிஸ்டர் லிஸி. புளியறை தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் புனலூர் கிட்ட ஜெனி முன்னால இருந்த மடத்துக்கு ஒரு வீடு இருக்கு, வயசான சிஸ்டர்மாருக்கு. ஜெனியும் அவங்களும் ஒண்ணா ஸ்பெயின் போனவங்களாம். அப்படி ஒரு கூட்டாளி இருக்கது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

சிஸ்டர் வாசல்லயே நின்னு ஸ்பானிஷ்ல என்னமோ சொன்னாங்க. ஜெனி நிமிந்து பாத்தா. அம்புட்டுதான். தண்ணி தொறந்து விட்ட மாதிரி பேசுதா! திக்குது, தடுக்குது, தேடுதா, ஆனா பேசுதா. சிஸ்டர் ஒண்ணு சொல்ல இவ ஒண்ணு சொல்ல, ஒரு தடவ வாய் விட்டுச் சிரிச்சா. ஸ்ட்ரோக்குக்குப் பெறவு அந்தச் சிரிப்ப நான் கேட்டதே இல்ல. எனக்கு நடுவுல ஒரு சொல்லு, ரெண்டு சொல்லு புரிஞ்சுச்சு. மத்தது எல்லாம் ஓடிப் போயிட்டு. நான் அடுக்களையில போயி டீ போட்டேன். சீனி போட்டனா இல்லையான்னு தெரியாம ரெண்டு தடவ போட்டிருக்கேன், சாம் ஒரு வாய் குடிச்சுட்டு கீழ வச்சுட்டான்.

பெறவு சாம் என்னத் தனியாக் கூப்பிட்டான்.

"அத்தான், தப்பா எடுக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு அக்கா அங்க இருக்கட்டும். பேச்சுக்கு ஆளு இருக்கு. பிசியோவும் அங்கேயே இருக்கு."

"அவ கேட்டாளா?"

"சிஸ்டரக் கேக்கச் சொல்லட்டா? நீங்க கேட்டா அவ தலையத்தான் ஆட்டுவா."

அது நெசந்தான். நெசமா இருந்ததாலதான் சுருக்குன்னுச்சு. "வேண்டாம்லே. நான் கேக்கேன். நானே கேக்கணும்"னேன்.

சிஸ்டர் போகும்போது, "சேட்டா, வெஷமம் வேண்டாம். ஜெனிக்கு எது இஷ்டமோ அது மதி"ன்னு மலையாளத்துல சொன்னாங்க, வருத்தப்படாதீங்க, அவ இஷ்டம் போதும்னு. அவங்க நல்லவங்க. அதனாலயே எனக்குப் பயமா இருந்துச்சு. மோசமானவங்களா இருந்தா வெரட்டிரலாம்லா.

அக்கா ஒரு யோசனை சொன்னா. "ஏலே, இங்கனயே இருக்கியாட்டின்னு தமிழ்ல கேளு. ஆட்டுவா. ஆமான்னுட்டான்னு சாம்கிட்ட சொல்லிரு. யாரு வழக்குக்கு வரப்போறா?"

கேட்டிருக்கலாம். ஜெனி ஆட்டியிருப்பா. ஒரு நாளு முழுக்க அது என் மண்டையில ஓடுச்சு. கடையில உக்காந்து வேல ஓடல, ஒரு மோட்டாருக்குத் தப்பாச் சுத்தி, அவுத்து மறுபடி சுத்துனேன். ஒருத்தி வாயில இருந்து வராதத அவ சொன்னதா நான் சொன்னேன்னா, அந்த வியாக்கியானக்கார அம்மாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அந்த அம்மாவாவது நம்பிச் சொன்னா.

கேள்விய யாக்கூப் போனுல போட்டு, நூறு தடவ சொல்லிச் சொல்லிப் பழகுனேன். கியேரெஸ் பிவீர் அகீ, ஓ அயீ? இருக்க ஆசப்படுதது இங்கனயா, அங்கனயா? இவ்வளவுதான். யாக்கூப், "சரியா இருக்கு அண்ணாச்சி, மிஷின் ஏத்துக்கிட்டு"ன்னாரு. பெறவு, "வேற மாதிரி பதில் வந்துட்டா?"ன்னு கேட்டாரு. நான் கேள்விய மறுபடியும் ஒருக்கச் சொல்லிப் பாத்தேன்.

மே மாசக் கடைசியில ஒரு காலையில ஐந்தருவி ரோட்டுல போயிட்டு இருந்தோம். அன்னைக்குத்தான் சாரல் மொத மொதல்ல விழுது. கடைக்காரங்க தார்பாய உருவிட்டு, நேந்திரம்பழத்தத் தொங்கவிட்டுட்டு இருக்காங்க. ஜெனிய ஒரு மூடுன கடைத் திண்டுல உக்கார வச்சேன். துண்ட எடுத்து அவ தலையத் தொடச்சேன். அவ பாடத்த ஆரம்பிச்சா, பீவோன்னு. நான் கைய அமத்தி நிறுத்துனேன்.

கேட்டேன்.

அவ என் மூஞ்சியப் பாத்தா. தலை ஆடல. நான் தப்பாச் சொல்லிட்டேனோன்னு திரும்ப நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். அகீன்னு எங்க காலடியக் காட்டுனேன். அயீன்னு மேக்க, மலைக்கு அந்தப் பக்கம் காட்டுனேன்.

அவ மேக்க திரும்பிப் பாத்துட்டு, "அயீ"ன்னா.

அங்கன.

காரணம் கேக்கத் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அவளாத்தான் மறுபடியும் வாயத் தொறந்தா. கஷ்டப்பட்டு, ஒதட்டக் கூட்டி, "அயீ ஆப்லோ"ன்னா.

ஆப்லோ எனக்குத் தெரியும். பாடத்துல உள்ளது. அங்கன நான் பேசுதேன்.

அவ கண்ணுல தண்ணி. எனக்கும். மழைதான்னு ரெண்டு பேரும் வச்சுக்கிட்டோம். அவ இடது கையால என் சட்டைக் காலரப் பிடிச்சு நேராக்கி விட்டா.

அடுத்த வாரம் நானே கார் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். அக்கா துணியெல்லாம் மடிச்சு வச்சா, ஒரு பாட்டில்ல எண்ணெயும் வச்சா, "ஏட்டி ஜெனி, அங்க போயாவது அந்தப் பீவோவ விட்டுட்டு வேற எதையாவது பேசுட்டி"ன்னுட்டு முகத்தச் சேலையில மூடிக்கிட்டா. புளியறை செக்போஸ்ட்ல லாரி வரிசையா நின்னுச்சு. காருக்குள்ள ஜெனி வெளியவே பாத்துட்டு இருந்தா. அவ மூஞ்சியில சந்தோசமான்னு பாத்தேன். சந்தோசம்னு சொல்ல முடியாது. ஒரு தெளிவு இருந்துச்சு. மடத்து வாசல்ல விட்டுட்டுத் திரும்பி வரும்போது டிரைவர் பாட்டுப் போட்டான். நிறுத்தச் சொல்லிட்டேன்.

ஊருல நாலு பேரு நாலு விதமாத்தான் சொன்னாங்க. பொண்டாட்டியக் கொண்டு போயி விட்டுட்டான்னாங்க. மடத்துக்காரி மடத்துக்கே போயிட்டான்னாங்க. எனக்கு அதுக்குப் பதில் இருக்கு, ஆனா ஒவ்வொருத்தனையும் நிறுத்திச் சொல்லவா முடியும். நான் கேட்டேன், அவ சொன்னா. அவ்வளவுதான் பதில்.

ராத்திரி வீட்டுல ஒத்தையில சோறு திங்கது கஷ்டமா இருந்துச்சு. மறைக்கல. அப்பமும் பாடத்த விடல.

ரெண்டு வாரங் கழிச்சு ஞாயித்துக்கெழம பாக்கப் போனேன். மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டேன். அங்க நல்ல மழை. ஒரு பெரிய சாப்பாட்டு ரூம்ல என்ன உக்கார வச்சாங்க, ஜன்னலுக்கு வெளிய ரப்பர் மரம். ஜெனி தனியா நடந்து வந்தா. யாரும் பிடிக்கல. காலு லேசா இழுக்குது. எனக்கு எதுத்தாப்புல உக்காந்தா. நான் கும்பிடுதா, கையப் பிடிக்கதான்னு தெரியாம மேசை மேல கைய வச்சுட்டு இருந்தேன்.

அவ என்ன ஒரு பார்வை பாத்தா. கலைஞ்ச தலை, ஈரச் சட்டை எல்லாத்தையும். பெறவு கேட்டா.

"ஆ கொமீதோ?"

நான் படிச்ச எந்த வாய்ப்பாட்டுலயும் அது இல்ல. கேட்டுச் சொல்ல சிஸ்டரும் பக்கத்துல இல்ல. ஆனா அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து கடையில இருந்து வந்ததும் அதே மூஞ்சிதான். சாப்ட்டியளா.

இத்தன மாசத்துல அவ என்கிட்ட கேட்ட மொத கேள்வி.

"நோ"ன்னேன். நெசமாவே சாப்பிடல.

அவ எந்திரிச்சுப் போயி, மூலையில மூடி வச்சிருந்த பாத்திரத்தத் தொறந்தா. புட்டும் கடலையும். ஒரு தட்ட எடுத்து மேசையில வச்சா. வலது கையில கரண்டியப் பிடிச்சுப் பாத்தா, நிக்கல, நழுவிட்டு. இடது கையில எடுத்தா. எடுத்துட்டு அப்படியே நின்னா. இடது கையால சோறு வைக்கக் கூடாதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். வளந்த வளப்பு.

நான் தட்டத் தூக்கி அவ இடது கைக்கு நேரா நீட்டுனேன்.

வச்சா. வாங்கிக்கிட்டேன். எதுத்தாப்புல உக்காந்து நான் திங்கதப் பாத்துட்டு இருந்தா.